லேத்து குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் தங்கை போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. "முந்நூத்திப் பன்னெண்டுதாணுங்ணா" என்றாள். ஐந்நூறுக்கு 312. எனக்கு அது அப்படியொன்றும் மோசமாகப் படவில்லை. நான் அந்தக் காலத்தில் வாங்கியது அதைவிடக் குறைவு. அதைச் சொன்னால் இன்னும் அழுவாள் என்று சும்மா இருந்தேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மார்க் குறைந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. வீட்டில் எல்லோரும் அடுத்து என்ன குரூப் என்று பேசிக்கொண்டிருந்தபோது பையன் தானாக வாயைத் திறந்து, "மாமா படிச்ச குரூப்புல சேந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டானாம்.

"அவன லேத்து ஓட்டறதுக்காணா பெத்தேன்?"

லேத்து என்பது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் எந்திரம். நான் இருபத்தேழு வருடமாக அதைச் சுற்றித்தான் பிழைக்கிறேன். அவள் கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பாதி லேத்து சம்பாதித்தது. அதையும் சொல்லவில்லை. அவள் என்னைக் குறைத்துப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லுக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சொல் "வொக்கேஷனல்".

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் குரூப்புகளுக்கு ஒரு ஏணி உண்டு. கணக்கும் உயிரியலும் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். அதற்குக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், வெறும் சயின்ஸ், காமர்ஸ். ஏணி முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வொக்கேஷனல். தமிழில் தொழிற்கல்வி என்று கம்பீரமான பெயர் இருக்கிறது. போர்டில் மட்டும் இருக்கிறது. 1993 ஜூனில், கோயமுத்தூரை அடுத்த சூலூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் அட்மிஷனுக்கு நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சார் என் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "ஜி.எம்." என்று எழுதினார். ஜெனரல் மெஷினிஸ்ட். என்ன படிப்பு என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியே வந்து பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டதற்கு, "லேத்து குரூப்புடா" என்றான். அவனையும் அதே சார் அங்கேயே தள்ளியிருந்தார்.

இருபத்தெட்டுப் பேர் அப்படி வந்து சேர்ந்தோம். பெண்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு நர்சிங் இருந்தது, டைப்ரைட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆபீஸ் செக்ரட்டரிஷிப் இருந்தது. எங்கள் வகுப்பு மைதானத்தின் கோடியில், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. உள்ளே மூன்று லேத்துகள். இரண்டு நாலரை அடி, ஒன்று ஆறடி. அதில் ஓடியது ஒரு நாலரை அடி மட்டும். சுவரோரம் நீள பெஞ்சில், துண்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பன்னிரண்டு. சோப்பு ஆயிலும் துருவும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பதினாறு வயது ஆகிவிடும்.

முதல் மூன்று மாதம் லேத்துப் பக்கம் விடவே இல்லை. ஆளுக்கு ஒரு இரும்புத் துண்டு, பத்து மில்லிமீட்டர் கனம், கையகலம். ஒரு அரம். அந்தத் துண்டின் நாலு பக்கத்தையும் ஐம்பது மில்லிமீட்டர் சதுரமாக, மூலைக்கு மூலை தொண்ணூறு டிகிரியாக ராவ வேண்டும். இதற்கென்ன மூன்று மாதம் என்றுதான் நானும் நினைத்தேன். அரத்தை எடுத்துத் தள்ளிப் பார்த்தால் தெரியும். கை தானாக ஊஞ்சல் ஆடும். முன்னால் போகும்போது அரத்தின் மூக்கு கீழே இறங்கும், பின்னால் வரும்போது பிடி இறங்கும். விளைவு, துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப் சார் டிப்ளமா முடித்தவர். ஆரம்பத்தில் பகுதி நேர ஆசிரியராகச் சேர்ந்து பல வருடம் அப்படியே ஓட்டியவர். மற்ற ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் உட்காருவார்கள், இவர் கொட்டகையிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பார். துண்டைக் கொண்டுபோய் நீட்டினால் பேச மாட்டார். தொண்ணூறு டிகிரியைச் சரிபார்க்கும் மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து, வாசலுக்கு வந்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மூலைமட்டத்துக்கும் துண்டுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால், துண்டைத் திருப்பிக் கையில் கொடுப்பார். "வெளிச்சம் தெரியுது" என்பார். அவ்வளவுதான் திருத்தம். போய் மறுபடியும் ராவ வேண்டும். இடது காலை முன்னால் வை, தள்ளும்போது மட்டும் அழுத்து, இழுக்கும்போது சும்மா வா, அரப் பல்லில் பிசிறு அடைக்காமல் இருக்கச் சாக்பீஸைத் தேய்த்துக்கொள். இதையெல்லாம் அவர் பாடமாக நடத்தியதே இல்லை. நான்காவது, ஐந்தாவது தடவை திரும்பிப் போகும்போது பின்னால் வந்து தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவார்.

எனக்கு ஏழு வாரம் ஆனது. எட்டாவது வாரம் திங்கட்கிழமை அவர் துண்டைத் தூக்கிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், இன்னொரு மூலையை வைத்துப் பிடித்தார். பிறகு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் யாரும் என் நோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனதில்லை.

லேத்து வந்தபிறகு என் சாதனை, துண்டைக் கவ்விச் சுழலும் சக்கிலிருந்து, அதை இறுக்கும் சாவியை எடுக்காமல் ஸ்விட்சைப் போட்டது. சாவி பறந்துபோய் டியூப்லைட்டில் பட்டு, கண்ணாடி மழை. அரை அடி இந்தப் பக்கம் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. சார் அன்று மட்டும் பேசினார். என்ன பேசினார் என்று எழுத முடியாது.

எங்கள் பாடப்புத்தகம் லேத்தைக் கடைசல் எந்திரம் என்று சொல்லும். பட்டறையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கடைசல் நல்ல சொல். கட்டில் கால் கடைந்தவர்களும் தொட்டில் குமிழ் கடைந்தவர்களும் வைத்திருந்த சொல். இன்றைக்கு அது ஏச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது, கடைந்தெடுத்த முட்டாள் என்று. சொல்லுக்கு நடந்ததுதான் தொழிலுக்கும் நடந்தது என்று சில நாள் தோன்றும்.

சரி, ஒரு கணக்கு சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் எனக்கு முக்கோணவியல் என்றால் ஜன்னி. சைன், காஸ், டேன் எல்லாம் யாரோ யாரையோ திட்டுவது போலத்தான் காதில் விழும். பதினொன்றாம் வகுப்பு நடுவில் ஒருநாள் சார் ஒரு வரைபடத்தைக் கொடுத்து டேப்பர், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிந்து குறுகும் உருளை, கடையச் சொன்னார். ஒரு பக்கம் விட்டம் நாற்பது, மறுபக்கம் முப்பது, நீளம் ஐம்பது. டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்பி வைப்பாய் என்றார். தெரியவில்லை. கரும்பலகைக்குப் போகாமல், தரையில் கிடந்த இரும்புச் சுருளால் சிமெண்டிலேயே ஒரு முக்கோணம் கீறினார். பெரிய விட்டத்தில் சின்ன விட்டத்தைக் கழி, பத்து. அது இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்த சரிவு, நமக்கு ஒரு பக்கம் போதும், ஐந்து. நீளம் ஐம்பது. ஐந்தை ஐம்பதால் வகு. 0.1. இதுதான்டா உன் டேன் என்றார். மடக்கைப் புத்தகத்தைப் புரட்டினால் 5 டிகிரி 43 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காம்பவுண்ட் ரெஸ்ட்டில் முழு டிகிரிக்குத்தான் கோடு. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், முக்காலுக்குக் கொஞ்சம் கீழே கண்ணால் நிறுத்தி, நட்டை இறுக்கி, கடைந்து, அளந்தேன். சரியாக இருந்தது. ஒரு வருடம் முன்னால் இதே டேன் கேள்விக்கு நான் பூஜ்யம் வாங்கியிருந்தேன். எனக்குக் கணக்கு வராது என்று எழுதித் தள்ளியவர்களுக்கு அந்த இரும்புத் துண்டை அனுப்பி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

இப்படி ஒரு வகுப்பு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. பின்னால் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில், பள்ளி முடித்துக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்கும் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு 1978-ல் பிளஸ் ஒன் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே பிறந்தது. அதே 1978-ல் மால்கம் ஆதிசேஷையா தலைமையில் ஒரு தேசியக் குழு, மேல்நிலைப் படிப்பில் தொழிற்கல்வியை எப்படிக் கொண்டுவருவது என்று ஓர் அறிக்கை கொடுத்தது. வேலூர்க்காரர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். செய்து கற்பது என்பதுதான் அறிக்கையின் தலைப்பே. பிறகு 1986 தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 1990-க்குள் மேல்நிலை மாணவர்களில் பத்து சதவீதம், 1995-க்குள் இருபத்தைந்து சதவீதம் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. நான் பிளஸ் டூ முடித்தது சரியாக 1995. நாலில் ஒரு பையன் எங்களைப் போல இருந்திருக்க வேண்டிய வருடம். நாங்களோ சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தோம்! அந்த இலக்கை 1992-லேயே ஐந்து வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. 2020 கொள்கை, 2025-க்குள் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வியின் அறிமுகம் கிடைக்க வேண்டும் என்றது. இலக்கு வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஆள் வராததற்குப் பணம், இடம், ஆசிரியர் என்று பல காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கண்ணால் பார்த்த காரணம் வேறு.

எங்கள் இருபத்தெட்டுப் பேரில் வேலையில் கை சுத்தம் ஒருவனுக்குத்தான். எனக்கு ஏழு வாரம் எடுத்த சதுரத்தை அவன் பதினொரு நாளில் முடித்தான். அவன் அப்பா பக்கத்து ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். வகுப்பில் அவனுக்குப் பெயரே 'ஆசாரி'தான். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், நானும். இன்று எழுதும்போது கூசுகிறது, அன்று கூசவில்லை. பள்ளி தொடங்கி இரண்டு வாரத்தில் அவன் அப்பா வந்தார். வேட்டியில் கரி. நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார். நாங்கள் ஃபீஸ் கட்ட வராந்தாவில் நின்றிருந்தோம். கேட்டது இது:

"இந்த வேல எங்கூடவே நின்னு போகட்டும்னுதானுங்க சார் இவனப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பிச்சேன். நீங்களும் சம்மட்டியவே குடுத்தா எப்படீங்க?"

ஹெச்.எம். மார்க் ஷீட்டைக் காட்டினார். "பாருங்க, நீங்களே பாருங்க. இந்த மார்க்குக்கு வேற என்ன குடுக்கறது?"

அவர் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். மகன் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

எனக்கு அப்போது அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நல்ல கை இருக்கிற பையனை ஏன் தடுக்கிறார் என்று. 1953 பற்றிப் படித்தபிறகுதான் அவர் கேட்டது எவ்வளவு பழைய கேள்வி என்று விளங்கியது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பா அம்மாவின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நின்றது. சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், வந்த கையோடு திட்டத்தைக் கைவிட்டார். எழுபது வருடம் ஆகியும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் தொழில் என்று யார் பேச்செடுத்தாலும் கேட்பவர் காதில் அதுதான் முதலில் விழுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்று 2020 கொள்கை சொன்னபோதும் விழுந்தது. பாரம்பரியக் கைத்தொழிலாளர்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தை இப்போதிருக்கும் வடிவில் ஏற்க முடியாது, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை முப்பத்தைந்தாக உயர்த்துங்கள் என்று 2024-ல் மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதியபோதும் அதே பயம்தான் பேசியது. பதினெட்டு வயதுப் பையனிடம் உன் அப்பா தொழிலுக்குக் கடன் தருகிறேன் என்றால், காலேஜுக்குப் போகாதே என்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

இந்தப் பயம் நியாயமானது. இதை மூடநம்பிக்கை மாதிரிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் பெரும்பாலும் எந்தத் தொழிலும் குலத்தோடு ஒட்டாத வீட்டில் பிறந்தவர்கள். ஆனால் அந்தப் பக்கத்திலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. குலக்கல்வி என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு, அதே பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் மார்க் குறைந்தவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு கொட்டகைக்குள் நாற்பது வருடம் தள்ளிக்கொண்டிருந்தோம். அந்தக் கொட்டகையில் இருந்த இருபத்தெட்டுப் பேரில் வக்கீல் மகன் இல்லை, வாத்தியார் மகன் இல்லை, மில் முதலாளி மகன் இல்லை. குலம் பார்க்கவில்லை, மார்க்தான் பார்த்தோம் என்பார்கள். சல்லடை வேறு, விழுந்த மாவு அதே மாவு.

ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே பயிற்சியில் சேர்ந்த பிள்ளை வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் இருக்கும், சம்பளமும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு ஜெர்மன் மெஷின் ஃபிட்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவரும் அரத்தில்தான் தொடங்கியதாகச் சொன்னபோது கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் பத்துப் பதினொரு வயதிலேயே பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிக்குப் பிரித்து அனுப்பும் வழக்கம் அங்கே பல மாநிலங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஓயாத வழக்கு. நமக்கு அந்தப் பாதி வேண்டாம். பிரிப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோயமுத்தூர்க்காரனுக்கு ஜெர்மனிவரை போக வேண்டிய அவசியமும் இல்லை. 1930-களில் நீலகிரியின் பைகாரா அருவியிலிருந்து மின்சாரம் வந்தபிறகு இந்த ஊர் மில்லாகவும் மோட்டாராகவும் பம்ப்செட்டாகவும் பெருகியது, தொழில் தெரிந்த கைகளை நம்பித்தான். பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் தொடங்கியபோதே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொடங்கியது. எங்கள் ஊரின் பேர்பெற்ற கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பில் தங்காதவர். 1945-ல் தொழில்நுட்பக் கல்லூரி இங்கே வந்ததில் அவர் பங்கு பெரிது. இன்ஜினியரிங்குக்கு நாலு வருடம் எதற்கு, இரண்டு வருடம் போதாதா என்று அரசோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். அதில் நான் அவர் கட்சி இல்லை. படிப்பைச் சுருக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். ஆனால் கையும் புத்தகமும் ஒரே கொட்டகையில் இருக்க வேண்டும் என்பதில் அவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

தங்கை வீட்டுக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மாப்பிள்ளையும் இருந்தார். அவர் பஸ் கண்டக்டர், கணக்கில் கெட்டி. "மச்சான், உணர்ச்சியெல்லாம் வேண்டாமுங்க, வழியச் சொல்லுங்க" என்றார். ஒரு நோட்டில் எழுதினேன். பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக், மூன்று வருடத்தில் டிப்ளமா, அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடம். இல்லையென்றால் ஐ.டி.ஐ. ஃபிட்டர் இரண்டு வருடம், பிறகு டிப்ளமா இரண்டாம் வருடம். மூன்றாவது, பிளஸ் டூ வொக்கேஷனல் முடித்து டிப்ளமா இரண்டாம் வருடம். அது நான் போன வழி. முதல் வழியில் மூன்று வருடத்தில் கிடைக்கும் டிப்ளமா, என் வழியில் நாலு வருடம். மாப்பிள்ளை பென்சிலால் என் வழியை அடித்தார்.

அடித்தது சரி என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால், 2021-ல் வந்த சட்டப்படி இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டி போடலாம். கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் அந்த வாசல் இல்லை. வொக்கேஷனல் பிள்ளைகளுக்கு பி.இ. கவுன்சலிங்கில் தனியாகவே கொஞ்சம் இடம் உண்டு. எங்கள் காலத்திலும் இருந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அடித்த கோட்டை ரப்பரால் அழித்தார். அழித்த இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

"ஆனா பேரு லேத்து குரூப்புதானுங்களேணா" என்றாள் தங்கை.

பெயரை மாற்றிவிட்டார்கள் என்றேன். உண்மைதான். 2018 புதுப் பாடத்திட்டத்தில் ஜெனரல் மெஷினிஸ்ட், பேசிக் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆகிவிட்டது. இன்ஜினியரிங் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பெயர் வைத்தவர்கள் அம்மாக்களை அறிந்தவர்கள்.

சேர்ப்பதற்கு முன்னால் பையனை ஓரிடத்துக்குக் கூட்டிப்போனேன். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஜாப் ஒர்க் பட்டறை. கம்ப்யூட்டர் ஓட்டும் இரண்டு சி.என்.சி. லேத்து, அதே வகையில் மில்லிங் செய்யும் ஒரு வி.எம்.சி., மூலையில் ஒரு பழைய ஆறடி லேத்து. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் ஸ்லீவும் போகிறது. முதலாளி யார் என்று சொல்லத் தேவையில்லை, பதினொரு நாளில் சதுரம் ராவியவன். பிளஸ் டூவுக்குப் பிறகு அவன் எங்கும் படிக்கவில்லை. வேலைக்குப் போனான், பத்து வருடம் கழித்து ஒரு செகண்ட் ஹேண்ட் லேத்தோடு தனியாக வந்தான். அவன் அப்பா கடைசிவரை இந்தப் பட்டறைக்குள் வந்ததில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். வாசலில் நின்று பேசிவிட்டுப் போவாராம்.

பையன் சி.என்.சி.யின் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே கூலண்ட் பொழிய, டூல் போய்ப்போய் வந்தது. நண்பன் டீ சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். சி.பி.எஸ்.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"ஏன், இங்க வர வேண்டாமா?"

"வரட்டும். அவனுக்குப் புடிச்சா வரட்டும், நாளைக்கே சாவியக் குடுத்தர்றேன். வேற போக்கு இல்லாம வந்து நிக்கக் கூடாதுடா. நாம நின்னமே, அப்படி."

பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது மெஷினில் டூல் முனை போய்விட்டது, சத்தம் மாறிவிட்டது என்றான். ஆபரேட்டர் பையன், டிப்ளமா முடித்தவன், போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கிரீனில் எந்த அலாரமும் இல்லை. நிறுத்திப் பார்த்தால், டூல் முனையில் மாட்டும் வெட்டுத் துண்டான இன்சர்ட்டின் ஓரம் மணியளவு உடைந்திருந்தது. என் மருமகன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்படி மாமா தெரிஞ்சுது?" என்று என்னைக் கேட்டான். நான் அவனைக் கேள் என்றேன். அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளிக்குப் போனோம். ஹெச்.எம். ஒரு அம்மா, பொறுமையானவர். பேசிக் மெக்கானிக்கல் வேண்டும் என்று பையனே சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டு வாங்கறீங்களா?" என்றார். யாரும் கேட்டு வாங்கியதில்லையாம். புதுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நல்ல தாள், கலர்ப் படங்கள், எங்கள் புத்தகத்தைவிட எவ்வளவோ தேவலை. அப்புறம் கொஞ்சம் தயங்கி, ஒர்க்‌ஷாப் சார் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, இடம் நிரம்பவில்லை, எலக்ட்ரிக்கல் சார்தான் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார் என்றார். கொட்டகையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை. ஆனால் சோப்பு ஆயில் இல்லை, துரு மட்டும். லேத்தின் மேல் பழைய வினாத்தாள் கட்டுகள். சக்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சேர்த்தோம். பையன் பிடிவாதம் ஒரு காரணம், 7.5 ஒரு காரணம். தியரியைப் பள்ளியில் பார்த்துக்கொள்ளட்டும், சனிக்கிழமை கணபதிக்கு வரட்டும், மெஷின் பக்கம் விட மாட்டேன், பெஞ்சு வேலை மட்டும் என்று நண்பன் ஒத்துக்கொண்டது இன்னொரு காரணம். எல்லாப் பிள்ளைக்கும் மாமா இருக்க மாட்டார், மாமாவுக்கு இப்படி ஒரு சிநேகிதன் இருக்க மாட்டான். அதை நினைத்தால் அந்தப் பூட்டின கொட்டகை மேல் வரும் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அந்த லேத்தை ஓட வைக்க ஒரு மெக்கானிக்கின் இரண்டு நாள் கூலியும் ஒரு மோட்டார் பெல்ட்டும் போதும், நான் பார்த்தேன். ஆசிரியர்தான் கடையில் கிடைக்க மாட்டார்.

நாலாவது சனிக்கிழமை நானும் போயிருந்தேன். பையன் வைஸ் முன்னால் நின்று, இடது கால் முன்னால், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ராவிக்கொண்டிருந்தான். துண்டைக் கழற்றிக்கொண்டு போய் நண்பனிடம் நீட்டினான். நண்பன் மூலைமட்டத்தை வைத்து, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். நான் எதுவும் சொல்லித் தரவில்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை.

"வெளிச்சம் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தான்.

அன்று இரவு தங்கை போன் செய்தாள். கையெல்லாம் கொப்புளம் என்றாள். பேனா பிடிக்க முடியவில்லையாம், தமிழ் அசைன்மெண்ட் எழுதாமல் படுத்துவிட்டானாம். நான் மஞ்சள் பத்துப் போடச் சொன்னேன். போட்டாச்சு என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். டிவி சத்தம் கேட்டது.

"அண்ணா, மூலைமட்டம்னு ஒண்ணு வேணுங்கறான். சொந்தமா வேணுமாம். எவ்வளவுங்ணா ஆகும்?"

நாலு அங்குலமா, ஆறு அங்குலமா என்று அவனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.